மாலத்தீவுப் பயணமும் எங்கள் குறிப்பேடும்



கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் மதரஸா ஆசிரியர்கள். உல்லாசப் படகைப் பற்றி நாங்கள் ஒரு நாள் எழுதுவோம் என்று எங்களிடம் ஓதும் பிள்ளைகள்கூட எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சென்ற மூன்று மாதங்களாக எங்கள் வீட்டில் இரவுப் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே இருந்தது. அதில் நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. பிற குடும்பங்களுக்கும் அது பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

வளைகுடாவில் பணிபுரியும் எங்கள் காக்கா ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார். "வாப்பா தோணியில் மாலத்தீவு போய் வந்த காலத்தில், உம்மாவை ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது நடக்கவே இல்லை. நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு படகை எடுத்துக்கொண்டு உம்மாவுக்கு அந்தத் தீவுகளைக் காட்டுவோம்" என்றார்.

தூத்துக்குடியிலிருந்து மாலேவுக்குக் காய்கறிகளையும் கட்டுமானப் பொருள்களையும் ஏற்றிச் சென்ற தோணிகளில் வாப்பா பல ஆண்டுகள் உழைத்தார்கள். திரும்பி வரும்போது அவர்கள் கொண்டுவரும் மாசியின் வாசனையே எங்கள் பிள்ளைப் பருவத்து மாலத்தீவு. அந்நாட்டவரும் தங்கள் படகைத் 'தோனி' என்றே அழைக்கிறார்கள். வாப்பா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஹஜ் கடமையை அல்லாஹ்வின் அருளால் அவர்கள் முன்பே நிறைவேற்றிவிட்டார்கள். எனவே காக்காவின் எண்ணத்தை மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முதலில் எங்களுக்குத் தயக்கம் இருந்தது உண்மை. வீண்விரயத்தைப் பற்றி வெள்ளி தோறும் பேசுகிறவர்கள், முழுப் படகொன்றை வாடகைக்கு எடுத்துத் தீவுகளைச் சுற்றலாமா? ஆயினும் கடலில் கலங்கள் செல்வதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகக் குர்ஆனில் பல இடங்களில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். பயணம் தன்னளவில் ஆகுமானதே. அது எப்படிப்பட்ட பயணம், எந்தப் பணத்தில், எந்தக் கடமையைத் தள்ளி வைத்துவிட்டு என்பவையே கேள்விகள். இவற்றுக்கு விடை சரியாக இருந்தால் போகலாம் என்று முடிவு செய்து, நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கினோம்.

முதல் பக்கத்தில் பருவத்தை எழுதினோம். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழையும் அலையும் மிகும். பிள்ளைகளின் தேர்வுகள் ஏப்ரலில்தான் முடிகின்றன. மே மாதத்திலோ கடல் மாறத் தொடங்கிவிடும். ஆகவே ஏப்ரல் கடைசி வாரத்தைக் குறித்துக்கொண்டு, மதரஸாவில் ஒரு வார விடுப்புக்கும் விண்ணப்பித்தோம்.

அடுத்தது படகு. ஏறத்தாழ 1,190 தீவுகள் கொண்ட அந்நாட்டில் மக்கள் குடியிருப்பவை சுமார் இருநூறு மட்டுமே. விருந்தினர் தங்கித் தீவு தீவாகச் செல்லும் பெரிய படகுகளை அங்கே 'சஃபாரி படகு' என்கிறார்கள். மாலுமியும் சமையல்காரரும் பணியாளரும் படகோடு வருவார்கள். பவளப்பாறைகள் நிறைந்த கடல் ஆதலால் இப்படகுகள் பெரும்பாலும் வெயில் நன்கு இருக்கும் பகல் வேளையில் செல்லும்; இரவில் ஏதேனும் ஒரு தீவின் அருகே நங்கூரமிட்டு நிற்கும். நாங்கள் பார்த்தது எட்டு அறைகள் கொண்ட ஒன்று. நாங்கள் நால்வர், காக்கா வீட்டில் நால்வர், தங்கை வீட்டில் நால்வர், உம்மா என மொத்தம் பதின்மூன்று பேர். ஆறு இரவுகள்.

மதரஸாவில் 'இஜாரா' பாடம் நடத்தும்போது, வாடகை ஒப்பந்தத்தில் பொருள், காலம், கூலி மூன்றும் ஐயமின்றித் தெளிவாக இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். அந்தப் பாடம் இப்போது எங்களுக்கே பயன்பட்டது. முகவர் அனுப்பிய முதல் மடலில் எரிபொருள் கட்டணம் 'தேவைக்கேற்ப' என்றிருந்தது. இது அறியாமைக்கு இடம் தரும் சொல். எவ்வளவு என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டோம். விமான நிலையத்திலிருந்து படகுக்கு அழைத்துச் செல்வது யார் செலவு, புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா, முன்பணத்தை எந்த நாள் வரை திரும்பப் பெறலாம் என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்கினோம். வரிகளையும் தனியே கேட்டு எழுதினோம். 2025 ஜனவரி முதல் அந்நாட்டின் பசுமை வரி, சஃபாரி படகில் தங்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 டாலர். பதின்மூன்று பேருக்கு ஆறு நாளென்றால் 936 டாலர். விளம்பரத்தில் தெரியும் தொகை வேறு, கையிலிருந்து செல்லும் தொகை வேறு என்பதை அன்று புரிந்துகொண்டோம்.

பிறகு மார்க்கம் சார்ந்த கேள்விகள். மாலத்தீவு 1153ஆம் ஆண்டு இஸ்லாத்தை ஏற்ற நாடு. 1343இல் அங்கு வந்த பயணி இப்னு பதூதா காஜியாகவே பொறுப்பு வகித்திருக்கிறார். மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பனைக்குத் தடை உண்டு. ஆனால் சுற்றுலா விடுதித் தீவுகளிலும் உரிமம் பெற்ற சஃபாரி படகுகளிலும் அது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, "முழுப் படகையும் நாங்களே எடுப்பதால் மதுக்கூடம் பூட்டியிருக்க வேண்டும்" என்று எழுதிக் கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள். பெண்கள் நீரில் இறங்கும் வேளையில் பணியாளர்கள் படகின் மறுபுறம் இருக்க வேண்டும் என்று கேட்டதற்கும் மரியாதையோடு உடன்பட்டார்கள்.

பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இன்னும் சுவையானவை. "படகு திரும்பிக்கொண்டே இருந்தால் கிப்லா என்னாகும்?" என்றான் மூத்த மகன். நங்கூரமிட்ட படகும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மெல்லத் திரும்பும் என்பதை அவனே படித்துவிட்டு வந்திருந்தான். அங்கிருந்து கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்த திசை. நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி, தொழுகையினிடையே படகு திரும்பினால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். நிற்க இயன்றவர் நின்று தொழ வேண்டும். தலைச்சுற்றலாலோ விழுந்துவிடும் அச்சத்தாலோ இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்று விளக்கினோம். பயணிகள் என்பதால் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம்.

"படகில் தண்ணீர் தீர்ந்துவிட்டால்?" என்றாள் இளையவள். இதே கேள்வியைக் கடலோடி ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டிருக்கிறார். குடிப்பதற்குக் கொஞ்சம் நீரே எடுத்துச் செல்கிறோம், அதில் உளூச் செய்தால் தாகத்தில் தவிப்போம் என்று அவர் சொன்னபோது, கடல்நீர் தூய்மைப்படுத்தும் நீரே என்று நபியவர்கள் விடையளித்த செய்தி அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் உள்ளது. "அப்படியென்றால் நம்மைச் சுற்றி உளூத் தண்ணீர்தான்" என்று அவள் சிரித்தாள். பிள்ளைகளுக்கு ஃபிக்ஹு பாடம் இவ்வளவு எளிதாக நுழைந்த நாள்கள் எங்களுக்கு நினைவில்லை.

உம்மாவுக்காகப் படிக்கட்டின் உயரம், கைப்பிடி, கீழ்த்தள அறையில் காற்றோட்டம் எல்லாவற்றையும் கேட்டோம். லைஃப் ஜாக்கெட் எத்தனை, சிறுவர் அளவில் உண்டா என்று கேட்டோம். மஃரிப் நேரத்தில் மக்கள் வாழும் தீவொன்றின் அருகே நங்கூரமிடும்படி வழித்தடத்தையும் வகுத்தோம். குறிப்பேட்டில் முப்பது பக்கங்கள் நிரம்பின. இத்தனை கவனமாக ஒரு பயணத்தைத் திட்டமிட்டவர்கள் உண்டா என்று எங்கள் மனத்துக்குள் ஒரு நிறைவு. அல்லாஹ் மன்னிப்பானாக, அது நிறைவு மட்டும் அன்று. சிறிது பெருமையும் கலந்திருந்தது.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் பங்கு. விமானச் சீட்டும் படகும் வரியும் சேர்த்து மூன்று வீட்டாருக்கும் சமமாகப் பிரித்தோம். உம்மாவின் செலவையும் மூன்றாகப் பிரித்தோம். பங்கு ஒன்றுக்கு நான்கரை இலட்சம். முன்பணம் ஒன்றரை இலட்சம். எங்களுக்கே அது ஐந்து ஆண்டுச் சேமிப்பு. சமமாகப் பிரிப்பதே நீதி என்று எண்ணினோம். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பியதும் காக்கா உடனே சரியென்றார். தங்கை இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள், "இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் எழுதினாள். அடுத்த வாரம் ஒன்றரை இலட்சம் எங்கள் கணக்குக்கு வந்தது.

உம்மா மட்டும் ஒரு முறை கேட்டார்கள். "சின்னவளுக்குச் சிரமம் இல்லையே?"

"பணம் அனுப்பிவிட்டாள் உம்மா" என்றோம். விடை கிடைத்துவிட்டதாக நாங்கள் நினைத்தோம். உம்மா வேறெதுவும் பேசாமல் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் சென்றிருக்கும். மாலை மக்தபில் சிறுமிகளுக்கு உளூவின் பாடம். மோதிரமோ வளையலோ இறுக்கமாக இருந்தால் அசைத்துவிட்டு, அடியில் நீர் சேர்வதை உறுதி செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தங்கையின் எட்டு வயது மகளும் அந்த வகுப்பில்தான் ஓதுகிறாள். பாடம் நன்றாகப் புரிந்துவிட்ட மகிழ்ச்சியில் அவள் சொன்னாள்: "எங்க உம்மாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உம்மாவோட வளையல் எல்லாம் பேங்க்ல இருக்கு. நாம மாலத்தீவு போயிட்டு வந்ததும் திருப்பித் தருவாங்களாம்."

மற்றச் சிறுமிகள் எதையும் கவனிக்கவில்லை. பாடத்தை எப்படி முடித்தோம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

தங்கையின் கணவர் நடத்திவந்த துணிக்கடை சென்ற ஆண்டு மூடப்பட்டது. இப்போது வேறொருவர் கடையில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார். இது எங்களுக்குத் தெரியாததல்ல. கடையின் சாமான்களை இறக்கி வைக்க உதவியவர்களே நாங்கள்தாம். தெரிந்திருந்தும் முப்பத்தொன்றாம் பக்கத்தில் மூன்றால் வகுத்தோம். அவள் நகையை அடகு வைத்தது வட்டிக்கு. படகின் மதுக்கூடம் பூட்டியிருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிய நாங்கள், எங்கள் வீட்டுப் பெண்ணை வட்டியின் வாசலுக்கு அனுப்பியிருந்தோம். மூன்று மாதங்களில் முகவரிடம் எத்தனை கேள்விகள் கேட்டோம்! தங்கையிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அன்று இஷாவுக்குப் பின் அவள் வீட்டுக்குச் சென்றோம். முதலில் மறுத்தாள். பிறகு அழுதாள். "ஊர் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்டிருக்கலாமே" என்று நாங்கள் சொன்னதற்கு அவள் தந்த விடை எங்களைத் தலைகுனிய வைத்தது. "பிள்ளையின் மருத்துவத்துக்குக் கேட்பவர்கள் வரிசையில் நின்று, உல்லாசப் பயணத்துக்கு எப்படிக் கேட்பேன்? வர முடியாது என்று சொன்னால் உம்மா ஏனென்று கேட்பார்கள். என்னால்தான் வாப்பாவின் ஆசை நின்றுபோனது என்றாகிவிடும்."

முன்பணம் இன்னும் முகவருக்குப் போகவில்லை. மறுநாள் காலையிலேயே அவளுடைய தொகையைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றுவரை ஏறியிருந்த வட்டியை நாங்கள் செலுத்தி வளையல்களை மீட்டோம். அவள் செய்ததற்கு நாங்களே காரணம் ஆதலால், எங்கள் இருவரின் தவ்பாவும் அதில் சேர்ந்தே இருந்தது.

காக்காவிடம் சொன்னபோது நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அவள் பங்கை நானே கொடுத்துவிடுகிறேன்" என்றார். நல்லெண்ணம்தான். ஆனால் தங்கை அதற்கு இசையவில்லை. ஆறு நாளும் ஒரே படகில் ஒருவர் தயவில் இருப்பதாகத் தோன்றினால், அவளுக்கும் அவள் கணவருக்கும் ஒவ்வொரு வாய் சோறும் கனக்கும். கொடுப்பவரின் மனம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், வாங்குபவரின் முகத்தைக் காப்பதும் கொடையின் ஒரு பகுதி என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்.

முடிவை உம்மா சொன்னார்கள். "உங்கள் வாப்பா எனக்குக் காட்ட நினைத்தது அந்த ஊரைத்தான். படகில் படுத்துத் தூங்கணும் என்று அவர்கள் சொன்னதில்லை."

குறிப்பேட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினோம். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009 முதல் அங்கே அனுமதி உண்டு. விடுதித் தீவுகளைவிட அவற்றில் செலவு மிகக் குறைவு; சிறிய இல்லங்களில் பசுமை வரியும் நாளொன்றுக்கு 6 டாலர்தான். மாலேவுக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி, குல்ஹி போன்ற தீவுகளுக்குப் பொதுமக்கள் செல்லும் ஃபெர்ரியிலேயே போய்விடலாம். வெள்ளிக்கிழமை ஃபெர்ரி ஓடாது என்பதால், அன்று தீவிலேயே தங்கி ஜும்ஆ தொழும்படி நாள்களை அமைத்தோம். மூன்று இரவுகள் தீவில். ஒரே ஒரு பகலுக்கு மட்டும் ஒரு தோனியை வாடகைக்கு எடுத்து, மணல்திட்டுக்கும் பவளப்பாறைக்கும் சென்று அஸருக்குத் திரும்புவது. இறங்கும் நாளில் மாலேயின் பழைய ஜும்ஆப் பள்ளிக்குச் செல்வோம். பவளக்கல்லில் செதுக்கி 1658இல் கட்டிய பள்ளி அது. வாப்பா தொழுத இடத்தில் இரண்டு ரக்அத் தொழ வேண்டும் என்பது உம்மாவின் ஆசை.

விமானச் சீட்டுகள் அனைத்தையும் காக்கா உம்மாவுக்கு ஹதியாவாகக் கொடுத்தார். உம்மா தம் பிள்ளைகள் மூவருக்கும் வேறுபாடின்றி அதைப் பகிர்ந்தார்கள். எங்களுக்கும் அதே சீட்டு, தங்கைக்கும் அதே சீட்டு. தாய் தரும் அன்பளிப்பை வாங்க யாருக்கும் கூச்சமில்லை. மீதியுள்ள செலவில் தன் பங்கு எவ்வளவாக இருக்கலாம் என்று இம்முறை தங்கையே முதலில் சொன்னாள். அந்தத் தொகையை வைத்தே அறையையும் தோனியையும் தேடினோம். கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

முகவருக்கும் முறையாக எழுதினோம். ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்றாலும், எங்களுக்காக அவர் தேதியை ஒதுக்கி வைத்திருந்தார். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி, அவருடைய நேரத்துக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் கடிந்துகொள்ளவில்லை.

வெள்ளி தோறும் சூரத்துல் கஹ்ஃபு ஓதும்போது, கடலில் உழைத்த ஏழைகளின் மரக்கலத்தில் கிள்ர் (அலை) அவர்கள் குறையொன்றை உண்டாக்கிய நிகழ்ச்சியைக் கடந்து செல்கிறோம். அந்தக் குறையால்தான் கலம் அவர்களுக்கே மிஞ்சியது. இப்போது அவ்விடம் வரும்போது எங்களுக்கு எட்டு வயதுச் சிறுமியின் குரல் கேட்கிறது. எங்கள் திட்டத்தில் அவள் ஓர் ஓட்டையைக் காட்டினாள். அதனால் எங்களுக்கு மிஞ்சியது எங்கள் தங்கை.

சகோதர சகோதரிகளே, கூட்டாகப் பயணம் செல்ல எண்ணுகிறவர்கள் பருவத்தையும் பார்க்கட்டும். ஒப்பந்தத்தையும் வரியையும் லைஃப் ஜாக்கெட்டையும் பார்க்கட்டும். கிப்லாவைக் கட்டாயம் பார்க்கட்டும். இவற்றை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாக, உங்களில் கை சுருங்கியவர் யார் என்று பாருங்கள். தொகையை முடிவு செய்துவிட்டு அவரிடம் சம்மதம் கேட்காதீர்கள். அவரிடம் தனியே பேசிவிட்டுத் தொகையை முடிவு செய்யுங்கள். குழுவில் வரும் ஓர் 'இன்ஷா அல்லாஹ்' எப்போதும் சம்மதம் ஆகாது. இரண்டு நாள் மௌனத்துக்குப் பின் வந்தால், அதன் காரணத்தை நேரில் சென்று கேளுங்கள்.

எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மேலே சிறிது இடம் இருந்தது. பருவக்காற்றுக்கும் மேலே அங்கே இப்போது ஒரு வரி எழுதியிருக்கிறோம்: "யாருக்குச் சிரமம்?" உம்மா முன்பே கேட்ட கேள்விதான்.

இன்ஷா அல்லாஹ், ஏப்ரல் கடைசி வாரம் புறப்படுகிறோம். எங்கள் பயணம் நலமாக அமையவும், கடலில் உழைத்து மறைந்த எங்கள் வாப்பாவின் மறுமை வாழ்வு சிறக்கவும் துஆச் செய்யுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் இரத்த உறவுகளையும் காத்து, நம் சம்பாத்தியத்தையும் செலவையும் தூய்மையாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.